பிணைக்குக் கையெழுத்து வைக்க முன் ஒரு நுவரெலியாப் பயணம்

பிணைக்குக் கையெழுத்து வைத்து நொந்துபோனவர்கள் நம் வியாபாரிகளுக்குள் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது. ஆகவே 2025 ஜனவரியின் கடைசி வாரத்தில் என் தங்கையின் மகன் ஒரு கட்டுக் கடதாசியோடு கடைக்குள் வந்து, ஒன்றும் பேசாமல் கணக்கு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தபோதே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

மருமகன் உல்லாசப் பயணிகளுக்கு வான் ஓட்டுபவன். கண்டியில் தங்கியிருக்கும் வெளிநாட்டவரைக் காலை ஏழு மணிக்கு ஹோட்டல் வாசலில் ஏற்றுவான். கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா வரை கொண்டுபோய், தேயிலை மலை, நீர்வீழ்ச்சி, தேயிலைத் தொழிற்சாலை எல்லாம் காட்டி, மாலையில் அதே வாசலில் இறக்கிவிடுவான். ஒரு குடும்பத்துக்கு ஒரு வாகனம், வேறு யாரையும் ஏற்றுவதில்லை. அதுவரை அடுத்தவருடைய வானை நாள் சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு இப்போது சொந்தமாக ஒன்று வேண்டும். பாவித்த கேடிஎச் வான் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். கையில் இருந்ததும், மனைவியின் நகையும், தங்கை கொடுப்பதும் போக 60 இலட்சம் ரூபா லீசிங். ஐந்து வருடத்துக்கு மாதம் ஒரு இலட்சத்து 42 ஆயிரத்து 700 ரூபா. பிணைக்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் நான்.

இந்தக் குடும்பத்துக்கு இது முதல் வான் அல்ல. 2018இல் அவன் ஒரு வான் வாங்கினான். அந்த வருடம் நாட்டுக்கு 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். வாகனம் வைத்திருந்தவன் எல்லாம் முதலாளி. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி குண்டுகள் வெடித்தன. அந்த அடியிலிருந்து எழும்புவதற்குள் 2020 மார்ச்சில் கொரோனா வந்து விமான நிலையத்தையே மூடினார்கள். 2021 முழுவதிலும் வந்தவர்கள் இரண்டு இலட்சம் பேர்கூட இல்லை. தவணை கட்டக் கால அவகாசம் கொடுத்தார்கள் என்பது உண்மைதான், ஆனால் வட்டிக்கு யாரும் அவகாசம் கொடுக்கவில்லை. 2022இல் டீசல் வரிசையில் நின்றபடியே வானைத் திருப்பிக் கொடுத்தான். அன்று பிணைக்கு நின்றவர் அவனுடைய வாப்பா. என் மச்சான் ஒரு காணித் துண்டை விற்றுத்தான் மிச்சக் கடனைத் தீர்த்தார். இரண்டாவது பிணைக்காரனாக என்னைத் தேடி வந்ததன் கதை இதுதான்.

இன்னொரு பயமும் எனக்கு இருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி முதலாம் திகதி முதல் திரும்பவும் திறக்கப்பட்டது. ஐந்து வருடம் புதிய வாகனம் வராத நாட்டில் பழைய வாகனம் தங்க விலைக்குப் போனது. கதவு திறந்த பிறகு அந்த விலை நிற்குமா, விழுமா? விழுந்தால் வானை விற்றாலும் லீசிங் பாக்கி தீராது. பாக்கியைத் தேடி வருபவர்கள் முதலில் தட்டுவது பிணைக்காரனின் கடைக் கதவைத்தான்.

"கையெழுத்து வைக்க முன் ஒரு நாள் உன் வானில் வருகிறேன்" என்றேன். அவன் முகம் சுருங்கியது. தனிப் பயணம் என்று காசு வாங்கிவிட்டு மாமாவை முன் ஆசனத்தில் ஏற்றுவது முறையா என்று கேட்டான். நியாயமான கேள்வி. முதல் நாள் இரவே பயணிகளுக்கு வட்ஸ்அப்பில் எழுதிக் கேட்கச் சொன்னேன். நெதர்லாந்திலிருந்து வந்த கணவன் மனைவி, இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். வரட்டும் என்று பதில் வந்தது. அவர் முப்பது வருடம் சைக்கிள் கடை நடத்தியவர் என்பது வானில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. என் இங்கிலீஷ் பாடசாலையோடு நின்றுபோனது. ஆனாலும் கடைக்காரனுக்கும் கடைக்காரனுக்கும் பேச அவ்வளவு இங்கிலீஷ் தேவையில்லை.

ஏறிய உடனேயே அந்த அம்மா ஒன்று சொன்னார்: "கடைகள் வேண்டாம். மலை மட்டும் போதும்." மருமகன் சிரித்துக்கொண்டு தலையாட்டினான். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்த கை தளர்ந்ததை நான் கண்டேன். ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

பேராதனை தாண்டிக் கம்பளை வரை பாதை சமமானது, பேச ஒன்றும் இல்லை. கம்பளை கழிந்து ஏறத் தொடங்கியதும் எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. வாப்பா புசல்லாவையில் சில்லறைக் கடை வைத்திருந்தார். பன்னிரண்டு வயதில், பாடசாலை விடுமுறைகளில், அரிசி மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்து லொறியில் இந்த வளைவுகளை ஏறியவன் நான். கொத்மலை அணைக்கட்டு வேலை நடந்த காலம் அது. 1985இல் வேலை முடிந்து, பள்ளத்தாக்கில் தண்ணீர் நிறைந்தது. இன்று வெளிநாட்டவர் வானை நிறுத்திப் படம் எடுக்கும் அந்த நீலத் தண்ணீருக்குக் கீழே வயலும் வீடும் கிடக்கின்றன. நான் சொன்னதும் அந்த மனிதர் கமராவைக் கீழே இறக்கிச் சற்று நேரம் வெறும் கண்ணால் பார்த்தார்.

இந்த மலைப் பாதையில் பொருளும் ஆளும் ஏற்றி இறக்குவது நமக்குப் புதிய தொழில் அல்ல. கண்டி இராசதானிக் காலத்தில் பொதி மாடுகளைச் சேர்த்துத் தவளம் நடத்தி, உப்பும் துணியும் மேலே கொண்டுபோய்ப் பாக்கைக் கீழே இறக்கியவர்களில் நம் முன்னோரும் இருந்தார்கள். அரசனுடைய மடிகே என்ற மாட்டுப் போக்குவரத்துப் பகுதியிலும் முஸ்லிம்கள் வேலை செய்தார்கள். பிறகு கோப்பித் தோட்டம் வந்தது, 1869இல் கண்ட இலை நோய் சில வருடங்களில் அதை அழித்தது, அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கியது அது. அதோடு தோட்டத்துக்குக் கீழே ஒரு டவுனும், டவுனில் கடன் கொப்பியோடு ஒரு நானாவின் கடையும் வந்தன. வாப்பாவின் கடையும் அப்படி ஒன்றுதான். சம்பள நாளில்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்க்கலாம்.

றம்பொடையில் வானை நிறுத்தினோம். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர்வீழ்ச்சி. அவர்கள் இருவரும் இறங்கிப் பார்க்கப் போக, நாங்கள் பாதையோரக் கடையில் பிளேன்டீ குடித்தோம். அங்கேதான் மருமகன் வாயைத் திறந்தான்.

"மாமா, வாடகைக் காசு லீசிங்குக்குப் போகும். வீடு கமிஷன்லதான் ஓடும். கடைக்குப் போக மாட்டோம் எண்டு சொல்ற ஆள் ஏறினா அந்த நாள் எனக்கு நட்டம்."

பிறகு விபரமாகச் சொன்னான். மாணிக்கக் கல் கடை, பத்திக் கடை, மரச் சிற்பக் கடை, வாசனைத் திரவியத் தோட்டம் என்று பயணியைக் கூட்டிப்போய் விட்டால் விற்பனையில் சாரதிக்கு ஒரு பங்கு உண்டு. நூற்றுக்கு இருபது, முப்பது வரை போகும் இடங்களும் இருக்கின்றன என்றான். அதற்கு முந்திய வாரம் ஒரு கல் மோதிரத்துக்கு அவன் கைக்கு வந்தது 28 ஆயிரம் ரூபா. மூன்று நாள் மலை ஏறி இறங்கினாலும் அவ்வளவு மிஞ்சாது.

நானும் வியாபாரிதான். ஆள் கொண்டு வருபவனுக்குக் கொடுப்பது நம் கடைகளிலும் நடக்கிற விஷயம். ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்தப் பங்கைக் கொடுப்பது கடைக்காரன் அல்ல. விலையில் ஏற்றி வாங்குவது பயணியிடம்தான். அதற்கு மேல் அவருடைய நேரமும் போகிறது. ஒரு நாளுக்குக் காசு கொடுத்தவருக்கு அந்த நாளில் இரண்டு மணித்தியாலத்தைக் கல் கடையில் கழித்துவிட்டு, மலையை வான் கண்ணாடிக்குள்ளால் காட்டினால், அது நிறுவை குறைத்து விற்றது போலத்தான். நான் இதைச் சொன்னபோது அவன் பதில் சொல்லவில்லை. அந்த வீட்டுச் செலவை யார் கொடுப்பது என்று கேட்டிருந்தால் எனக்கும் பதில் இருந்திருக்காது.

இடையில் ஒரு விஷயம். அந்த அம்மா நீர்வீழ்ச்சியிலிருந்து வந்ததும் கேட்டது மலசலகூடம். பக்கத்தில் இருந்த இரண்டு கடையிலும் பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். மேலே ஏறி ஒரு தேயிலை நிலையத்துக்குப் போகும் வரை பாவம் பொறுத்துக்கொண்டிருந்தார். அங்கே போனதும் தேநீர் குடித்து, கேக் சாப்பிட்டு, நான்கு பெட்டி தேயிலையும் வாங்கினார்கள். கடை வேண்டாம் என்று சொன்ன அதே ஆட்கள்தான்! இந்தப் பாதையில் நம்மவர்களின் கடைகள் எத்தனையோ இருக்கின்றன. ஒரு சுத்தமான கழிப்பறை, சவர்க்காரம், தண்ணீர், கதவுக்குத் தாழ்ப்பாள். இதற்கு எவ்வளவு முதல் தேவை என்று கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள். சாரதிகள் எங்கே நிறுத்துகிறார்கள் என்பதைப் பெரும்பாலும் இதுவே தீர்மானிக்கிறது.

தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டக் காசு கேட்கவில்லை. தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி சேலையுடுத்து, பிழையில்லாத இங்கிலீஷில் விளக்கினாள். கொழுந்தை வாட்டுவது, உருட்டுவது, புளிக்கவைப்பது, சூட்டில் உலர்த்துவது, சலித்துத் தரம் பிரிப்பது. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து போட்டால்தான் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும் என்றாள். கடைசியில் அவள் கொண்டுபோய் விட்ட இடம் விற்பனைக் கூடம். சுற்றிக் காட்டிய கூலி அங்கேதான் வசூலாகிறது. அதில் ஒளிவு மறைவு இல்லை. விலை பெட்டியில் ஒட்டியிருக்கிறது, விரும்பினால் வாங்கலாம்.

ஆனால் என் மனம் கணக்கில் இறங்கிவிட்டது. நூறு கிராம் பெட்டி 900 ரூபா என்றால் கிலோ 9,000. கொழும்புத் தேயிலை ஏலத்தில் 2024இன் சராசரி விலை கிலோவுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாவைச் சுற்றித்தான் நின்றது. அலங்காரப் பெட்டிக்கும், மலையில் நின்று வாங்குகிறோம் என்ற சந்தோஷத்துக்கும் மிச்சக் காசு.

லபுக்கலைப் பக்கம் பாதையோரத்தில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுக்க நின்ற அந்த மனிதர் என்னிடம் அவர்களின் நாள் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். மருமகனுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் அவர்களைக் காட்டிச் சம்பாதிப்பவனுக்கு அது தெரியவில்லையே என்று எனக்கு வெட்கமாகப் போனது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக்கினார்கள் என்று நான் சொன்னேன். அவர் விரலை மடக்கி டொலரில் பார்த்தார், நாலரை டொலர். ஒரு நாளைக்கு 18 கிலோ பறித்தால் நான்கு கிலோ தேயிலை. ஏலத்தில் ஐயாயிரத்துக்குச் சற்றுக் கீழே, அந்த விற்பனைக் கூடத்தில் 36 ஆயிரம். கொழுந்து பறிப்பவர் மேலேயும் கீழேயும் பார்க்காமல் பறித்துக்கொண்டே இருந்தார்.

படம் எடுத்தால் காசு கேட்கிறார்கள் என்று சாரதிகள் அவர்களைக் குறை சொல்வதுண்டு. கேட்டால் என்ன? 2024இல் தேயிலை ஏற்றுமதியில் நாட்டுக்கு வந்தது சுமார் 143 கோடி டொலர். உல்லாசப் பயணத்துறையில் வந்தது சுமார் 317 கோடி டொலர். அதில் மலையைப் பார்க்க வந்தவர்களின் பங்கு எவ்வளவோ, ஆனால் மலை பச்சையாக இருப்பது அந்தப் பெண்கள் ஒவ்வொரு வாரமும் வந்து பறிப்பதால்தான். பறிக்காமல் விட்ட தேயிலை மரமாக வளர்ந்து காடாகிவிடும். அதைப் பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள்.

பன்னிரண்டரை மணிக்கு நுவரெலியா. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். கோர்ட் போடாமல் போனது என் பிழை. 1873இல் வெட்டிய கிரகரி வாவியைச் சுற்றி நடந்தார்கள். ஒவ்வொரு நாட்டவருக்கும் ஒவ்வொரு ஆசை என்று மருமகன் சொன்னான். இந்தியர்களுக்கு றம்பொடை அனுமார் கோயிலும் சீதா எலியவும் வேண்டும். அரபு நாட்டவருக்குக் குளிரும் வாவியும் போதும், பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றினால் சந்தோஷம். ஐரோப்பியருக்கு நானுஓயாவிலிருந்து எல்ல வரை ரயிலில் போக வேண்டும். அந்த ரயிலில் ஆசனப் பதிவு கிடைப்பது குதிரைக் கொம்பு என்பதால், அதை வாங்கித் தருவதாகச் சொல்லி ஏமாற்றுபவர்களும் கிளம்பியிருந்தார்கள். "அந்த வேலையை மட்டும் நான் தொட்டதில்லை மாமா" என்றான்.

மதியச் சாப்பாட்டை எழுதவா விடவா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். நம்மவர் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. பெயர் வேண்டாம். நானும் மருமகனும் சாப்பிட்ட அதே சோறும் கோழியும்தான் அவர்களும் சாப்பிட்டார்கள். எங்கள் பில்லைப் போல இரண்டு மடங்கு அவர்களுக்கு. சைக்கிள் கடைக்காரர் இரண்டு பில்லையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் காசைக் கட்டினார். நான் கல்லாவில் இருந்தவரிடம் போய்ச் சொன்னேன். "வெள்ளைக்காரருக்கு அதெல்லாம் காசில்ல ஹாஜி" என்று சிரித்தார். பக்கத்தில் பள்ளிவாசல். லுஹர் தொழுதுவிட்டு வந்தும் அந்தச் சிரிப்பு மனதில் இருந்து போகவில்லை.

திரும்பும் முன்தான் நான் அந்த நாளின் பெரிய பயத்தைக் கண்டேன். வான் கதவில் சாய்ந்து நின்ற மருமகன் கண்ணைக் கசக்கிக்கொண்டு போத்தல் தண்ணீரை முகத்தில் ஊற்றினான். விசாரித்தேன். முதல் நாள் இரவு கட்டுநாயக்கவுக்கு ஒரு பயணியை இறக்கிவிட்டு, அதிகாலை இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, ஆறு மணிக்கு மறுபடி கிளம்பியிருக்கிறான். "சீசன்ல இப்படித்தான் மாமா, வந்த ஹயரை விட ஏலா." இனி இறங்க வேண்டியதோ றம்பொடை வளைவுகள். பயணிகளிடம் நானே போய், சாரதி அரை மணித்தியாலம் தூங்க வேண்டும், வாவிப் பக்கம் இன்னும் ஒரு சுற்று நடக்கிறீர்களா என்று கேட்டேன். உடனே சம்மதித்தார்கள். அந்த அம்மா அவனுக்கு ஒரு சால்வையும் கொடுத்தார்.

மாலை ஆறரைக்குக் கண்டி. இறங்கும்போது ஆயிரத்து ஐந்நூறு ரூபா கையில் வைத்தார்கள். நல்ல மனிதர்கள், ஆனால் கல் கடைக் கமிஷனுக்கு முன்னால் அது எந்த மூலைக்கு? தொலைபேசி இலக்கம் கேட்டார்கள். ஏழு வருடம் இந்தத் தொழிலில் இருப்பவனிடம் ஒரு விசிட்டிங் கார்ட் இல்லை! என் சட்டைப் பையில் இருந்த கடைப் பில் ஒன்றின் பின்னால் இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன்.

பிறகு ஹோட்டல் வாசலிலேயே வானுக்குள் விளக்கைப் போட்டுக் கணக்குப் பார்த்தோம். பயணிகள் இணையத்தில் கட்டியது 90 டொலர். அதைப் பிடித்துக் கொடுத்தவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு இவனுக்குத் தருவது 65 டொலர், அன்றைய மாற்றுக்கு 19 ஆயிரத்துச் சொச்சம். டீசல் ஐயாயிரத்து ஐந்நூறு. டயர், எண்ணெய், சேர்விஸ், காப்புறுதிக்கு ஒதுக்க வேண்டியது மூவாயிரம். இதை அவன் ஒருநாளும் ஒதுக்கியதில்லை, டயர் தேய்ந்த அன்றுதான் நினைப்பான். சாப்பாடு, தரிப்பிடம் எண்ணூறு. மிச்சம் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. சொந்த வானாக இருந்தால் லீசிங்குக்கு மட்டும் மாதம் பதினைந்து பயணம் ஓட வேண்டும். தொலைபேசியில் இருந்த செய்திகளை ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணினோம். 2024 முழுவதற்கும் அவன் ஓடியது 188 பயணம். மாதத்துக்குப் பதினைந்து, பதினாறு. அதாவது வருடம் முழுக்க மலை ஏறி இறங்கினால் லீசிங் தீரும், வீட்டுக்கு ஒன்றும் இல்லை. நாட்டுக்கு 20 இலட்சத்து 53 ஆயிரம் பேர் வந்த நல்ல வருடத்தின் கணக்கு இது.

"60 இலட்சத்துக்குக் கையெழுத்து வைக்கமாட்டேன்" என்றேன். "45 இலட்சத்துக்கு வைக்கிறேன். இரண்டு மூன்று வருடம் பழைய வானைப் பார்."

சண்டை வந்தது. பழைய மொடல் வானில் வெள்ளைக்காரன் ஏறமாட்டான் என்றான். அன்று நாம் வந்ததும் பழைய வானில்தானே என்றேன். தங்கை இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை. "நானா பிள்ளையின்ட முன்னேற்றத்தைத் தடுக்கிறார்" என்று ஊரில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மார்ச் மாதம் அவனே ஒரு பழைய வானைப் பார்த்துவிட்டு வந்தான். தவணை ஒரு இலட்சத்து 7 ஆயிரம். கையெழுத்து வைத்தேன். வைக்க முன் மூன்று விஷயம் கேட்டேன். ஒவ்வொரு பயணத்தையும் கொப்பியில் எழுத வேண்டும், கமிஷன் வந்தால் அதற்குத் தனிக் கோடு. விமான நிலைய இரவு ஓட்டத்துக்கு மறுநாள் மலை ஏறக் கூடாது. மூன்று தவணைக் காசு சேரும் வரை வானுக்குப் புதிய ஸ்டிக்கர்கூட ஒட்டக் கூடாது. கமிஷனை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. பயணி தானாகக் கேட்டால் மட்டும் கடைக்குக் கூட்டிப் போ என்றேன்.

மே 11ஆம் திகதி அதிகாலை அதே பாதையில், கொத்மலை கெரண்டி எல்லவில், பஸ் ஒன்று பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். செய்தியைக் கேட்டதும் முதலில் அவனுக்குத்தான் அழைத்தேன். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். முதல் நாள் இரவு கட்டுநாயக்கவுக்குப் போயிருந்தான்.

ஜூலையில் ஒரு வட்ஸ்அப் செய்தி வந்தது. சைக்கிள் கடைக்காரரின் அயல் வீட்டார். ஐந்து நாள் பயணம், இடையில் யாருக்கும் பங்கில்லை, நேரே அவனுக்கு. ஒரு சம்பவத்தை வைத்துச் சட்டம் எழுத முடியாது என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நொவம்பர் வரை அப்படி வந்தது இன்னும் இரண்டே இரண்டு. கமிஷன் கோடும் வெறுமையாக இருக்கவில்லை. ஓகஸ்ட் பெரஹரா நாட்களில் நன்றாகவே நிறைந்திருந்தது. நான் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

நொவம்பர் இறுதியில் டித்வா புயல். மலைகள் சரிந்தன. கண்டி, நுவரெலியா, பதுளை என்று மலையகம் முழுக்கச் சாவு வீடுகள். நாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். பாதைகள் உடைந்தன, மலையக ரயில் நின்றது. முதல் பத்து நாளும் வான் ஏற்றியது நிவாரணப் பொதிகளைத்தான். அதற்கு வாடகை இல்லை, டீசலை நாங்கள் சிலர் சேர்ந்து போட்டோம். டிசம்பருக்குப் பதிந்திருந்த பதினேழு பயணத்தில் பதின்மூன்று இல்லாமல் போனது. மிச்சம் நான்கும் தம்புள்ளை, சீகிரிய பக்கம்.

அன்று அவன் கையில் சேர்ந்திருந்தது மூன்று தவணை அல்ல, இரண்டு. டிசம்பர், ஜனவரி இரண்டும் அதிலிருந்து போனது. 60 இலட்சத்துக்கு எடுத்திருந்தால் அந்தக் காசு ஒன்றரை மாதத்துக்குத்தான் வந்திருக்கும் என்று அவன் வாயாலேயே சொன்னான். பெப்ரவரித் தவணைக்குப் பாதி அவன் உழைத்தான். மீதி 53 ஆயிரத்து ஐந்நூறை நான் கடையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கியவன் அந்த இடத்திலேயே கொப்பியைத் திறந்து, கமிஷன் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு, "மாமா - கடன்" என்று எழுதி, திகதியும் போட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினான்.